குறைந்தபட்சக் கூலியை ஏன் உயர்த்த வேண்டும்?

குடும்பங்களுக்குச் சமூகப் பாடம்

விடியற்காலையில் நம் திருப்பத்தூர், நாட்றம்பள்ளி, ஆலங்காயம் சாலைகளில் போகிறவர்கள் ஒரு காட்சியைத் தவறாமல் காண்பார்கள். சாப்பாட்டு டப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு பெண்கள் கும்பல் கும்பலாய்க் கம்பெனி பஸ்ஸுக்குக் காத்து நிற்பார்கள். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்து ஷூ கம்பெனிகளில் அன்றைய வேலை அவர்களுக்காகக் காத்திருக்கிறது. அவர்களில் சிலருடைய கணவர்மார் டேனரியில் ஈரத் தோலைச் சுமக்கிறார்கள். வீட்டில் தங்கிவிட்ட மாமியாரோ, முறத்தை மடியில் வைத்துக்கொண்டு திண்ணையில் பீடி சுற்றுவார். அல்லது ஏஜெண்டு மூட்டையாய்க் கொண்டுவந்து போட்ட ஷூவின் மேல்பாகங்களை ஊசியும் நூலும் கொண்டு தைத்துக்கொண்டிருப்பார்.

இவர்களுடைய ஒரு நாள் உழைப்புக்கு இவ்வளவு என்று தீர்மானிப்பது யார்? முதலாளி என்பார் சிலர். சந்தை நிலவரம் என்பார் சிலர். இருவர் சொல்வதிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும் எந்த முதலாளியும், எந்தச் சந்தையும் இதற்குக் கீழே போகக் கூடாது என்று சட்டம் ஒரு கோடு கிழித்திருக்கிறது. அந்தக் கோட்டுக்குத்தான் குறைந்தபட்சக் கூலி என்று பெயர். அந்தக் கோடு ஏன் வேண்டும், அதை ஏன் காலத்துக்குக் காலம் உயர்த்த வேண்டும் என்பதே இவ்வாரப் பாடம். இதில் கட்சிப் பேச்சு ஒன்றுமில்லை. சோற்றுப் பானையைப் பற்றிய கணக்கே உண்டு. ஆகையால் குடும்பத்தில் பெரியவர்களும் வளர்ந்த பிள்ளைகளும் ஒன்றாய் உட்கார்ந்து இதை வாசிப்பது நலம்.

1. சட்டம் பிறந்த வரலாறு

உலகத்தில் முதன்முதலாக 1894-ல் நியூசிலாந்து நாடு கூலித் தகராறுகளைத் தீர்க்கச் சட்டம் இயற்றியது. அதன் வழியாய் அங்கே குறைந்த அளவுக் கூலிகளும் தீர்மானிக்கப்பட்டன. 1896-ல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாகாணம் கூலிக் குழுக்களை ஏற்படுத்திற்று. 1907-ல் அந்நாட்டு நீதிபதி ஹிக்கின்ஸ் என்பவர், விவசாய இயந்திரம் செய்யும் ஒரு தொழிற்சாலையின் வழக்கில், சாதாரணக் கூலியாள் ஒருவன் மனைவியோடும் மூன்று பிள்ளைகளோடும் நாகரிகமாய் வாழ என்ன செலவாகும் என்று விசாரித்தார். அந்தச் செலவைக் கொண்டே நாளொன்றுக்கு 7 ஷில்லிங் என்று நிர்ணயித்தார். கூலியை வேலையின் விலையாக மட்டும் பாராமல், குடும்பத்தின் தேவையாகவும் பார்க்க வேண்டுமென்ற எண்ணம் இவ்விதமாய் நீதிமன்றத்துக்குள் வந்தது.

நம் நாட்டில், அப்போது தொழிலாளர் இலாகாவின் பொறுப்பை வகித்த டாக்டர் அம்பேத்கர் 1946 ஏப்ரலில் குறைந்தபட்சக் கூலி மசோதாவை மத்திய சட்டசபையில் கொண்டுவந்தார். சுதந்திரத்துக்குப் பிறகு, ஜகஜீவன்ராம் தொழிலாளர் மந்திரியாயிருந்தபோது, 1948 மார்ச்சு மாதத்தில் அது சட்டமாயிற்று.

அந்தச் சட்டத்தோடு ஓர் அட்டவணை இணைக்கப்பட்டது. எந்தெந்தத் தொழில்களுக்கு முதலில் பாதுகாப்பு வேண்டும் என்ற ஜாபிதா அது. அரிசி ஆலை, எண்ணெய் ஆலை, கல் உடைத்தல், சாலை போடுதல், தேயிலை முதலிய தோட்டங்கள் ஆகியவற்றோடு, பீடி சுற்றும் தொழிலும், தோல் பதனிடும் தொழிலும் தொடக்கத்திலேயே அதில் இடம்பெற்றன. நம் பக்கத்து மக்கள் வயிறு வளர்க்கும் இரண்டு தொழில்களும் அந்த முதல் ஜாபிதாவில் இருந்தது தற்செயல் அல்ல. எந்தத் தொழிலில் கூலியாட்கள் சிதறிக் கிடந்து, சங்கமின்றி, பேரம் பேசும் பலமின்றி இருந்தார்களோ, அந்தத் தொழில்களையே தேடி எடுத்தார்கள்.

தோல் தொழிலுக்கு மற்றொரு காரணமும் இருந்தது. செத்த மாட்டின் தோலைத் தொடுவது இழிவு என்று நம் சமுதாயம் நெடுங்காலமாய் எண்ணி வந்தது. வேலை இழிவென்றும், வேலை செய்கிறவனும் இழிந்தவனென்றும் சொல்லி, அவன் கூலியையும் இழிவாக்கிற்று. ஆனால் அதே தோல் சுண்ணாம்புத் தொட்டியையும் ஆவாரம்பட்டைச் சாற்றையும் கடந்து சீமைக்குக் கப்பலேறும்போது ஒருவரும் மூக்கைப் பொத்திக்கொள்ளவில்லை. ஆகவே அந்நாட்களில் குறைந்த கூலி கொடுக்கப்பட்டது, உழைப்பின் மதிப்புக் குறைவாயிருந்ததால் மட்டுமல்ல, உழைப்பவனை மதியாததாலும்தான். சட்டம் கிழித்த கோடு இந்த அவமதிப்பையும் சேர்த்துத் தடுக்கிற கோடு.

1948 சட்டம் அரசாங்கத்துக்கு இரண்டு கடமைகளை விதித்தது. கூலியை நிர்ணயிக்க வேண்டும். ஐந்து ஆண்டுகளுக்கு மேற்படாமல் அதை மறுபடி பரிசீலிக்க வேண்டும். 2019-ல் பாராளுமன்றம் இயற்றிய ஊதியச் சட்டத்தொகுப்பு 2025 நவம்பர் 21-ந் தேதி அமலுக்கு வந்தபோது, பழைய சட்டம் அதில் அடங்கிவிட்டது. ஐந்தாண்டு விதி அதிலும் உண்டு. அன்றியும், மத்திய அரசாங்கம் நாடு முழுவதற்கும் ஓர் அடிமட்டக் கூலியைக் குறிக்க வேண்டும், எந்த மாநிலமும் அதற்குக் கீழே போகலாகாது என்றும் புதிய சட்டம் சொல்லுகிறது.

2. எவ்வளவு இருந்தால் போதும்?

"குறைந்தபட்சம் என்றால் எவ்வளவு? ஆளுக்கு ஆள் வேறாகச் சொல்வார்களே" என்று நீங்கள் கேட்கலாம். இதற்கும் கணக்கு உண்டு. 1957 சூலையில் புதுடில்லியில் கூடிய 15-வது இந்தியத் தொழிலாளர் மாநாட்டில் அரசாங்கம், முதலாளிகள், தொழிலாளிகள் ஆகிய மூன்று தரப்பாரும் சேர்ந்து அந்தக் கணக்கை ஒப்புக்கொண்டார்கள்.

உழைக்கிறவன் ஒரு பங்கு. மனைவி முக்கால் பங்குக்குச் சற்று மேல், அதாவது 0.8, இரண்டு பிள்ளைகள் ஆளுக்கு 0.6. கூட்டினால் 3 பங்கு. இந்த மூன்று பங்குக்கும் வேண்டிய ஆகாரத்தை டாக்டர் அய்க்ராய்டு வகுத்த அளவின்படி கணக்கிட வேண்டும். இந்த டாக்டர், நம் குன்னூரிலிருந்த உணவு ஆராய்ச்சி நிலையத்தின் தலைவராயிருந்து, இந்தியர் உண்ணும் உணவைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். துணிக்கு ஆளொன்றுக்கு வருஷத்தில் 18 கெஜம், ஆக நால்வர் குடும்பத்துக்கு 72 கெஜம். அதன்மேல் அரசாங்கத் தொழிலாளர் குடியிருப்புத் திட்டத்தின் மிகச் சிறிய வீட்டுக்குரிய வாடகை. விறகு, விளக்கு, மற்றச் சில்லறைச் செலவுகளுக்கு மொத்தக் கூலியில் நூற்றுக்கு 20 பாகம்.

தாய்மாரே, இந்தக் கணக்கை உங்கள் வீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பதினெட்டு கெஜத்தில் ஆறு கெஜச் சேலை இரண்டு எடுத்தால் பன்னிரண்டு போயிற்று. மீதி ஆறு கெஜத்தில் ரவிக்கை, உள்பாவாடை, படுக்கை விரிப்பு எல்லாம் அடங்க வேண்டும். இது ஆடம்பரக் கணக்கா? இன்னொன்றையும் கவனியுங்கள். வீட்டு மூலையில் இருமிக்கொண்டிருக்கும் பாட்டனுக்கும் பாட்டிக்கும் இந்தக் கணக்கில் பங்கே இல்லை. வீட்டுக்கு வீடு வயதான பெற்றோரைத் தாங்குகிற நம் நாட்டில், அவர்கள் சாப்பிடும் கவளம் பிள்ளைகளின் பங்கிலிருந்தே எடுக்கப்படுகிறது.

பள்ளிக்கூடச் செலவும் வைத்தியச் செலவும் 1957-ல் தனித் தலைப்புகளாய்க் கணக்கில் ஏறவில்லை. சென்னையிலிருந்த ஒரு மருந்துத் தொழிற்சாலையின் தொழிலாளிகள் நடத்திய ரெப்டகோஸ் பிரெட் வழக்கில், 1991-ம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டு இந்தக் குறையைத் தீர்த்தது. பிள்ளைகளின் படிப்பு, வைத்தியம், பண்டிகை முதலிய எளிய சந்தோஷங்கள், முதுமைக் காலம், பிள்ளைகளின் கலியாணம் ஆகியவற்றுக்காகக் குறைந்தபட்சக் கூலியில் நூற்றுக்கு 25 பாகம் இருக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

இனி நடப்பைப் பாருங்கள். 2017 சூனில் மத்திய அரசாங்கம் தேசிய அடிமட்டக் கூலி என்று குறித்தது நாளொன்றுக்கு 176 ரூபாய். அது அக்காலத்தில் வெறும் வழிகாட்டியே தவிர, கட்டாயமன்று. அரசாங்கமே நியமித்த நிபுணர் குழு, பேராசிரியர் அனூப் சத்பதி தலைமையில் கணக்கெடுத்து 2019-ல் அறிக்கை கொடுத்தது. 2018-ம் ஆண்டு விலைவாசிப்படி நாளொன்றுக்கு 375 ரூபாய் வேண்டும் என்றது அந்த அறிக்கை. 176 எங்கே, 375 எங்கே! தமிழ்நாட்டில் பல தொழில்களுக்கு நிர்ணயித்த கூலி அந்த 176-ஐ விட அதிகமென்பது மெய்தான். ஆனாலும், குடும்பத்துக்கு வேண்டியது என்று கணக்கில் வருவதும், சட்டத்தின் காகிதத்தில் நிற்பதும், கையில் வந்து சேருவதும் மூன்று வேறு தொகைகள் என்பதை இதிலிருந்து கற்றுக்கொள்ளலாம்.

3. உயர்த்த வேண்டியதற்குக் காரணங்கள்

முதற் காரணம்: நின்றுகொண்டிருக்கும் கூலி குறைந்துகொண்டிருக்கும் கூலி. விலைவாசி வருஷத்துக்கு நூற்றுக்கு 6 வீதம் ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஐந்து வருஷம் கழித்து, 100 ரூபாய்க்கு வாங்கின சாமானுக்கு ஏறக்குறைய 134 ரூபாய் கொடுக்க வேண்டும். அதே 100 ரூபாய்க் கூலி அப்போது 75 ரூபாய்ச் சாமானைத்தான் வாங்கும். முதலாளி ஒரு பைசாவும் பிடிக்கவில்லை. ஆனாலும் கால் பங்குக் கூலி காணாமற் போயிற்று. இதற்காகவே விலைவாசிப் புள்ளியைப் பின்பற்றிப் பஞ்சப்படி கொடுக்கும் ஏற்பாடு வந்தது. பஞ்சப்படி பழைய நிலையைக் காக்கும்; நிலையை உயர்த்தாது. அடிப்படைக் கூலியையே காலாகாலத்தில் திருத்தினால்தான் உயர்வு என்று சொல்லலாம். அந்தத் திருத்தமும் எளிதில் நடப்பதில்லை. தமிழ்நாட்டில் தையல் தொழிலுக்கு 2014-ல் அரசாங்கம் உயர்த்தி அறிவித்த கூலியை எதிர்த்து முதலாளிகள் வழக்காடினார்கள். 2016-ல் சென்னை உயர்நீதிமன்றம் அரசாங்க அறிவிப்பு செல்லும் என்று தீர்த்தது. தீர்ப்பு வருமளவும் எத்தனை மாதச் சமையல், எத்தனை பிள்ளைகளின் பள்ளிச் செலவு காத்திருந்திருக்கும்!

இரண்டாங் காரணம்: பேரம் சமமானதன்று. டேனரி ஒரு வாரம் ஆளில்லாமல் இருந்தால் முதலாளிக்கு நஷ்டம். கூலியாள் ஒரு வாரம் வேலையில்லாமல் இருந்தால் பட்டினி. நஷ்டமும் பட்டினியும் ஒன்றல்ல. பசித்தவன் எந்தக் கூலிக்கும் சம்மதிப்பான். அந்தச் சம்மதத்தை மனப்பூர்வமான உடன்படிக்கை என்று சொல்ல முடியாது. 1982-ல், டில்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டட வேலை செய்த கூலியாட்களைப் பற்றிய வழக்கில், குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவது அரசியல் சட்டம் தடுக்கும் கட்டாய வேலைக்குச் சமானம் என்று சுப்ரீம் கோர்ட்டு சொன்னதும் இதே நியாயத்தைக் கொண்டுதான்.

மூன்றாங் காரணம்: நல்ல முதலாளிக்குப் பாதுகாப்பு. நம் பக்கத்தில் தொழிலாளியை மனிதனாய் மதித்து, நியாயமாய்க் கூலி கொடுக்கிற முதலாளிகளும் உண்டு. அடுத்த கம்பெனிக்காரன் கூலியைக் குறைத்துச் சரக்கை மலிவாய் விற்றால், நல்லவர் எத்தனை நாள் தாக்குப்பிடிப்பார்? கோடு எல்லாருக்கும் ஒன்றாயிருந்தால், போட்டி இயந்திரத்திலும் திறமையிலும் சரக்கின் தரத்திலும் நடக்கும். தொழிலாளியின் வயிற்றில் நடக்காது. நாடு முழுவதற்கும் ஓர் அடிமட்டம் வேண்டுமென்பதற்கும் இதுவே காரணம். ஆம்பூரிலிருந்து ஆந்திர எல்லை வெகு தூரமன்று. "இங்கே கூலி ஏறினால் அங்கே போய்விடுவோம்" என்று ஒரு மாநிலத்தை மற்றொரு மாநிலத்துக்குக் காட்டிப் பயமுறுத்த இடமிருக்கக் கூடாது.

நான்காங் காரணம்: கடைத்தெருவுக்கும் பிழைப்பு. கூலிக்காரக் குடும்பத்துக்கு நூறு ரூபாய் அதிகம் வந்தால் அது பெட்டியில் தூங்குவதில்லை. மளிகைக் கடைக்கும், துணிக் கடைக்கும், காய்கறிக்காரிக்கும், வைத்தியருக்கும் அந்த வாரமே போய்ச் சேருகிறது.

ஐந்தாங் காரணத்தைச் சற்று விரிவாய்ச் சொல்ல வேண்டும். அதற்கு நம் பாலாறே சாட்சி.

4. பாலாறு கற்பிக்கும் பாடம்

டேனரிகளின் கழிவுநீர் எங்கே போயிற்று என்பது நமக்குத் தெரியும். பல ஆண்டுகளாய் உப்பும் ரசாயனமும் கலந்த அந்த நீர் பாலாற்றிலும், ஏரிகளிலும், வயல்களிலும் இறங்கியது. கிணறுகள் கெட்டன. தென்னை காய்ப்பு விட்டது. கழிவைச் சுத்தம் செய்யச் செலவழியாததால் தோல் மலிவாய் விற்றது. மிச்சப்படுத்திய அந்தச் செலவை யார் கொடுத்தார்கள்? தோலைக் கண்ணாலும் பாராத விவசாயி தன் நிலத்தால் கொடுத்தான். குடத்தைத் தூக்கிக்கொண்டு நெடுந்தூரம் நடந்த பெண் தன் இடுப்பால் கொடுத்தாள்.

வேலூர்க் குடிமக்கள் நலச் சங்கம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. டேனரிகள் நிறைந்த பிரதேசத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுவதுமோ பாதியோ பயிருக்கு உதவாமற் போனது என்ற கணக்கு அந்த வழக்கில் எடுத்துக்காட்டப்பட்டது. கெடுத்தவனே ஈடு கட்ட வேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டத்தின் ஒரு பகுதியே என்று நீதிபதிகள் தீர்த்தார்கள்.

இப்போது கூலியைப் பாருங்கள். ஒருவனை நாள் முழுவதும் வேலை வாங்கிவிட்டு, அவன் குடும்பம் உயிர் வாழ வேண்டிய தொகைக்குக் குறைவாய்க் கொடுத்தால், மீதி எங்கிருந்தோ வந்துதானே ஆக வேண்டும்? ஒரு பங்கைத் தாய் தன் சாப்பாட்டைக் குறைத்துக் கொடுக்கிறாள். ஒரு பங்கை எட்டாவதோடு படிப்பை நிறுத்திய பிள்ளை கொடுக்கிறான். ஒரு பங்கு வட்டிக்காரரிடம் கடனாய் வருகிறது. ஒரு பங்கை ரேஷன் அரிசியாகவும் தர்ம ஆஸ்பத்திரி மருந்தாகவும் அரசாங்கமும் புண்ணியவான்களும் கொடுக்கிறார்கள். நம் பங்கின் ஏழைகள் உண்டியலில் நீங்கள் போடும் காசிலும் ஒரு பகுதி இப்படித்தான் போகிறது. வேலையற்றவனுக்கும் நோயாளிக்கும் அந்தக் காசு போவது தர்மம். நாள் முழுவதும் உழைத்தவனுக்கும் அது தேவைப்படுகிறதென்றால், கூலி கொடுக்க வேண்டியவருடைய கடனை நாம் அடைக்கிறோம் என்று அர்த்தம்.

ஆகவே குறைந்த கூலியும் ஒரு கழிவுநீர்தான். மலிவு என்று பெயர் பெற்ற சரக்கின் உண்மையான செலவை அது சம்பந்தமில்லாதவர் தலையில் கொண்டுபோய்க் கொட்டுகிறது. பாலாற்றைக் கெடுத்தவன் ஈடு கட்ட வேண்டுமானால், குடும்பத்தின் சீவனத்தைக் கெடுக்கிற கூலியை உயர்த்தவும் வேண்டும். இதுவே ஐந்தாங் காரணம். மற்ற நான்கையும் தாங்கி நிற்கிற காரணமும் இதுவே.

5. ஆட்சேபணைகளும் சமாதானங்களும்

"கூலி ஏறினால் கம்பெனிகள் மூடப்படும்; உள்ள வேலையும் போய்விடும்" என்பது முதல் ஆட்சேபணை. இதை அலட்சியமாய்த் தள்ளக் கூடாது. வேலை போய்விடுமோ என்ற பயம் தொழிலாளி வீட்டிலேயும் இருக்கிறது. அமெரிக்காவில் 1992 ஏப்ரலில் நியூஜெர்சி மாநிலம் மணிக் கூலியை 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்த்தியது. பக்கத்துப் பென்சில்வேனியா மாநிலம் உயர்த்தவில்லை. கார்டு, குரூகர் என்ற இரு பொருளாதார ஆசிரியர்கள் எல்லைக்கு இருபுறமுமுள்ள உணவுக் கடைகளைக் கணக்கெடுத்தார்கள். உயர்த்திய பக்கத்தில் வேலை குறையவில்லை என்று கண்டார்கள். இந்த முடிவைப் பற்றி நெடுங்காலம் விவாதம் நடந்தது. கார்டு என்பவருக்கு 2021-ல் நோபல் பரிசு கிடைத்தது. அளவாய், படிப்படியாய் உயர்த்தினால் வேலை அழியும் என்பது நிச்சயமன்று என்று இதிலிருந்து அறிகிறோம். ஒரே பாய்ச்சலில், தொழில் தாங்க முடியாத அளவுக்கு உயர்த்தினால் தீங்கு வரலாம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆகையால்தான் கூலி நிர்ணயக் குழுவில் இரு தரப்பாரும் உட்காருகிறார்கள்.

"எங்கள் தொழிலுக்குச் சக்தி இல்லை" என்பது இரண்டாவது. 1961-ல் கேரளத்து ஓட்டுத் தொழிற்சாலைக்காரர்கள் இதையே சுப்ரீம் கோர்ட்டில் சொன்னார்கள். மற்ற உயர்ந்த கூலி விகிதங்களுக்குத் தொழிலின் சக்தியைப் பார்க்கலாம். குறைந்தபட்சக் கூலிக்கு அந்தப் பேச்சே எழாது என்று கோர்ட்டு பதில் சொல்லிற்று. தோல் வாங்கவும் ரசாயனம் வாங்கவும் காசில்லாதவர் டேனரி வைப்பதில்லை. மனித உழைப்புக்கு மட்டும் காசில்லை என்று எப்படிச் சொல்லலாம்?

"சாமான் விலை ஏறும்" என்பது மூன்றாவது. சிறிது ஏறலாம். ஆனால் தூர தேசத்துக் கடையில் விற்கும் ஒரு சோடி ஷூவின் விலையில், அதைத் தைத்தவளின் கூலி மிகச் சிறிய பங்கு. பெரும் பங்கு வேறு கைகளுக்குப் போகிறது. சிறிய பங்கைச் சற்றே பெரிதாக்குவதால் ஷூ விலை வானத்துக்கு ஏறிவிடாது.

"அதிகம் கொடுத்தால் குடித்து அழிப்பான்" என்பது நான்காவது. குடிப்பவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் வீட்டுக் கண்ணீரை நாம் அறிவோம். ஆனால் முதலாளியின் லாபத்தை அவர் எப்படிச் செலவழிக்கிறார் என்று கேட்டா லாபத்தை அனுமதிக்கிறோம்? சேர வேண்டியதைக் கொடுப்பது நீதி. நன்றாய்ச் செலவழிக்கப் புத்தி சொல்வது வேறு கடமை. அன்றியும், ஷூ கம்பெனிகளில் பெரும்பாலும் உழைப்பவர்கள் பெண்கள். அவர்கள் கூலி அடுப்பங்கரைக்குத்தான் வருகிறது.

ஐந்தாவது ஆட்சேபணையே மிகக் கனமானது: "கூலியை உயர்த்தினால், வேலையைக் கம்பெனியிலிருந்து வீடுகளுக்கு அனுப்பிவிடுவார்கள், அங்கே எந்த இன்ஸ்பெக்டரும் வரமாட்டார்." இது உண்மை. சோடிக்கு இவ்வளவு, ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று பேசும்போது, நாள் முழுவதும் உழைத்தும் என்ன கிடைக்கிறது என்ற கணக்கு மறைந்துபோகிறது. ஆகவே உயர்த்துவது மட்டும் போதாது. வீட்டில் தைக்கும், சுற்றும் கைகளையும் அந்தக் கோட்டுக்குள் கொண்டுவர வேண்டும். உருப்படிக் கூலிக்குத் தனி அளவு குறிக்காத இடத்தில், அன்றைய நாட்கூலிக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும் என்பது 1948 சட்டத்திலேயே இருந்த விதி. விதியை எழுதினார்கள், திண்ணைவரை அது நடந்து வரவில்லை.

6. திருச்சபையின் போதனை

இந்த விஷயத்தில் நம் திருச்சபை பின்தங்கியிருக்கவில்லை. 1891 மே 15-ந் தேதி 13-ம் சிங்கராயர் பாப்பரசர் எழுதிய நிருபத்தில், சிக்கனமாயும் ஒழுங்காயும் வாழ்கிற தொழிலாளியைத் தாங்கக் கூலி போதாமலிருக்கக் கூடாது என்றும், வறுமைக்கும் பயத்துக்கும் உட்பட்டு அதற்குக் குறைவாய்ச் சம்மதித்தால் அது வலுவந்தமே என்றும் படிப்பித்தார். நாற்பது ஆண்டுகளுக்குப் பின் 1931-ல் 11-ம் பத்திநாதர், கூலியை நிர்ணயிக்கையில் குடும்பத்தின் தேவை, தொழிலின் நிலைமை, பொது நன்மை ஆகிய மூன்றையும் பார்க்க வேண்டும் என்று விளக்கினார். 1961-ல் 23-ம் அருளப்பர், கூலி விஷயத்தைச் சந்தையின் போக்குக்கும் பலவான்களின் இஷ்டத்துக்கும் விட்டுவிட முடியாது என்று மீண்டும் எழுதினார்.

அதற்கும் முன்னே, நாட்கூலியைப் பொழுது சாயுமுன் கொடுத்துவிடும்படி மோயீசன் சட்டம் கட்டளையிட்டது. கொடாமல் பிடித்துக்கொண்ட கூலியே கூக்குரலிடுகிறது என்று அர்ச். இயாகப்பர் எச்சரித்தார். 1955-ல் 12-ம் பத்திநாதர் மே மாதம் முதல் தேதியைத் தொழிலாளியான அர்ச். சூசையப்பர் திருநாளாக ஏற்படுத்தினார். நாசரேத்தூர்த் தச்சரும் தம் கைக்கூலியால் ஒரு குடும்பத்தைக் காப்பாற்றினவர் என்பதை அந்நாளில் நினைக்கிறோம்.

7. நாம் செய்ய வேண்டியது

அரசாங்கம் கூலியை உயர்த்தட்டும் என்று சொல்லிவிட்டு நாம் கைகழுவ முடியாது. முதலாவது, உங்கள் தொழிலுக்கு அரசாங்கம் நிர்ணயித்த கூலி எவ்வளவு என்று தெரிந்துகொள்ளுங்கள். தெரியாதவனுக்குச் சட்டம் உதவாது. இரண்டாவது, சம்பளச் சீட்டை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். வீட்டில் தைப்பவர்களும் சுற்றுபவர்களும் தேதி, எண்ணிக்கை, தொகை மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எழுதத் தெரியாத தாய்க்குப் பள்ளிப் பிள்ளை எழுதிக் கொடுக்கட்டும். மூன்றாவது, தனியாய்க் கேட்பதைச் சேர்ந்து கேளுங்கள். சங்கம் சேருவது சட்டம் தந்த உரிமை.

நான்காவது நமக்கே உரியது. நம்மில் அநேகர் கூலி வாங்குகிறவர்கள் மட்டுமல்ல, கூலி கொடுக்கிறவர்களும்கூட. நிலத்தில் களையெடுக்க ஆள் வைக்கிறோம். கட்டட வேலைக்குச் சித்தாள் கூப்பிடுகிறோம். பாத்திரம் துலக்க ஓர் அம்மாளை அமர்த்துகிறோம். கம்பெனியில் கூலி போதவில்லை என்று சொல்கிற அதே வாயால், வாசலில் நிற்கும் அந்த அம்மாளிடம் ஐம்பது ரூபாய்க்குப் பேரம் பேசினால், நம் நியாயம் நொண்டி நியாயமாகும்.

வீட்டில் கலந்து பேசக் கேள்விகள்

1. 1957 மாநாட்டுக் கணக்கின்படி ஒரு தொழிலாளிக் குடும்பத்துக்கு எத்தனை பங்கு? அந்தக் கணக்கில் யார் விடுபட்டார்கள்?

2. நம் வீட்டு ஒரு மாதச் செலவை உணவு, துணி, வாடகை, படிப்பு, வைத்தியம், கடன் வட்டி என்று பிரித்து எழுதுங்கள். வருகிற கூலி எந்த இடத்தில் தீர்ந்துபோகிறது? மீதியை யார் கொடுக்கிறார்கள்?

3. கூலி மாறாதிருந்தும் குறைவது எப்படி? பிள்ளைகள் கணக்குப் போட்டுக் காட்டட்டும்.

4. பாலாற்றுக் கழிவுநீருக்கும் குறைந்த கூலிக்கும் உள்ள ஒற்றுமை என்ன?

5. நம்மிடம் வேலை செய்கிறவர்களுக்கு நாம் கொடுக்கும் கூலியைக் கடைசியாக எந்த வருஷம் உயர்த்தினோம்?

ஐந்தாம் கேள்விக்குப் பதில் உடனே நினைவுக்கு வராவிட்டால், பாடத்தை அந்த இடத்திலிருந்து தொடங்குவோம்.